பதினோராவது பாட்டில்

லேப் அக்காவை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கோபக்காரி என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போவாள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறவள் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு மாதிரி வாடை வருகிறது என்று புருஷன் வீட்டார் சாடைமாடையாகப் பேசியதுண்டு. அதையும் காதில் போட்டுக்கொள்ளாதவள்தான். ஆனால் தண்ணீர்ச் சோதனைக்கு அவள் கழுவிய பாட்டிலில் அழுக்கு இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. பதினேழு வருஷமாக அப்படிச் சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் வந்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை, நிலையப் பொறியாளர் ஒரு படிவத்தை நீட்டி, அதையே அவள் கையால் எழுதித் தரச் சொன்னார்.

"எழுதக்கூட வேண்டாம்மா. எல்லாம் அச்சடிச்சிருக்கு. 'பாட்டில் சுத்தமில்லாததால் முடிவு ஏற்கத்தக்கதல்ல.' கீழ ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

"யாரு பாட்டில் சார்?"

"பதினோராவது வாரத்து பாட்டில்."

"அது தெரியுது. கழுவினது யாருன்னு கேட்டேன்."

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பதில் இல்லாத இடத்திலெல்லாம் கண்ணாடியைத் துடைப்பது அவர் வழக்கம். நல்ல மனிதர்தான். ஒன்றரை வருஷமாகத் தூக்கம் கெட்டுப் போனவர்.

அவர் தூக்கம் கெட்டதற்கு ஒரு கதை உண்டு. ஊரின் சாக்கடை முழுவதும் இந்த நிலையத்துக்குத்தான் வந்து சேர்கிறது. இங்கே தொட்டி தொட்டியாக மாறி, சுத்தமாகி, ஆற்றில் இறங்க வேண்டும். இறங்கியது என்னவோ உண்மை, சுத்தமாகித்தான் இறங்கியதா என்பதில் சந்தேகம். ஒரு கோடையில் ஆறு முழுக்க மீன் செத்து மிதந்தது. உடனே அரசாங்கம் ஒரு பெண் அதிகாரியை அனுப்பி நிலையத்தின் தலைமேல் உட்கார வைத்தது. மாடியில் அவருக்கு ஓர் அறை. அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு நட்டு போல்ட்டுகூட வாங்க முடியாது. எல்லாரும் அவரை மேடம் என்றுதான் சொல்வார்கள். அவர் முன்னால் சத்தமாகத் தும்மக்கூட யோசிப்பார்கள்.

மேடம் போவதற்கு ஒரே வழி இருந்தது. வெளியே போகும் தண்ணீரின் அழுக்கு எண் தொடர்ந்து பன்னிரண்டு வாரம் முப்பதுக்குள் இருக்க வேண்டும். முன்பெல்லாம் எழுபது, எண்பது என்று வந்துகொண்டிருந்த எண் அது. மூன்று மாதத்துக்கு முன்னால் மேடம் சொல்லி, தண்ணீர் ஆற்றில் விழுவதற்குச் சற்று முன்னால் குளோரின் தொட்டி ஒன்று கட்டினார்கள். அந்த வாரத்திலிருந்து எண் சரிந்தது. பதினெட்டு, பதினாறு, பதினான்கு. பத்து வாரம் வரிசையாக இப்படி. எல்லாருக்கும் முகத்தில் ரத்தம் ஊறியது. பதினோராவது வாரம் மட்டும், ஒரு காரணமும் இல்லாமல், எண்பத்தேழு.

எண்பத்தேழை ஏற்றுக்கொண்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். பாட்டில் அழுக்கு என்று எழுதிவிட்டால் அந்த ஒரு எண்ணை மட்டும் தள்ளிவிட்டு வாரக் கணக்கை அப்படியே தொடர விதியில் இடமிருந்தது. அடுத்த திங்கள் பதினோரு மணிக்குக் கூட்டம். அதில் மேடம் விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவார், நிலையம் தன் காலில் நிற்கும். குறுக்கே நின்றது லேப் அக்காவின் பாட்டில் ஒன்றுதான்.

"என் பாட்டில் அழுக்குன்னு நான் எழுதித் தர மாட்டேன் சார்."

"ஊருக்கே தெரியும்மா உங்க கை சுத்தம். இது சும்மா காகிதத்துக்கு."

"காகிதத்துலதான் சார் பேர் நிக்கும். அடுத்த திங்கட்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சுத் தரேன். பாட்டில்லதான்னா நானே எழுதித் தரேன்."

பொறியாளர் போன பிறகு அவள் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற புனிதமான ஆசையெல்லாம் ஒன்றும் கிடையாது. ரோஷம், அவ்வளவுதான். அந்தப் பதினோராவது பாட்டிலையே எடுத்து, எப்போதும் போலக் கழுவி, சுத்தமான தண்ணீர் நிரப்பிப் பார்த்தாள். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மூடியைப் பார்த்தாள், மருந்துகளின் தேதியைப் பார்த்தாள், பாட்டில்களை வைக்கும் குளிர்பெட்டியின் சூட்டைப் பார்த்தாள். எல்லாம் சரி. அப்படியானால் தண்ணீரில்தான் ஏதோ நடந்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மதியம் குளோரின் அறைக்குப் போனாள்.

அங்கே இருந்தவரை எல்லாரும் டைரி என்று கூப்பிடுவார்கள். வால்வைத் திறந்தது, மூடியது, பல்லி விழுந்தது, பல்லியை எடுத்துப் போட்டது என்று சகலத்தையும் நேரம் போட்டு நோட்டில் எழுதி வைக்கிறவர். அந்த நோட்டை ஒருத்தரும் படித்ததில்லை என்பது அவருடைய தீராத மனக்குறை.

"டைரி அண்ணே, போன புதன்கிழமை காலையில என்ன நடந்துச்சு?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "உக்காரும்மா. காலையில ஏழு அஞ்சுக்கு நான் வந்தேன்."

"ஒம்பது மணிக்கு மேல போதும்ணே."

"ஒம்பது பத்துக்கு வாஷர் கசிஞ்சுது. குளோரினை நிறுத்தினேன். பத்து அஞ்சுக்கு வாஷரை மாத்தித் திறந்துவிட்டேன். நடுவுல ஒம்பது நாப்பதுக்கு டீ."

அவள் சாம்பிள் எடுத்தது ஒன்பதரைக்கு. குளோரின் இல்லாத தண்ணீர் அது. பாட்டில் தப்பித்தது. அவளுக்கு வந்த சந்தோஷத்தில் டைரி அண்ணனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பொறியாளரிடம் சொல்லப் பாதி தூரம் வேகமாக நடந்தாள். வழியில் கால் தானாக நின்றது.

குளோரின் கிருமியைக் கொல்லும். அழுக்கைக் கரைத்துக் காணாமல் அடிக்கிற வித்தை அதற்குத் தெரியாது. அப்படியிருக்க, ஒரு மணி நேரம் குளோரின் இல்லை என்றதும் பதினாறு எப்படி எண்பத்தேழு ஆகும்?

திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் செய்யும் சோதனை எளிமையானது. தண்ணீரைப் பாட்டிலில் நிரப்பி, இறுக மூடி, ஐந்து நாள் இருட்டில் வைப்பாள். தண்ணீரோடு வந்த நுண்ணுயிர்கள் அதிலுள்ள அழுக்கைத் தின்னும். தின்னும்போது ஆக்சிஜனைச் செலவழிக்கும். ஐந்தாம் நாள் எவ்வளவு ஆக்சிஜன் குறைந்திருக்கிறது என்று அளந்தால், எவ்வளவு அழுக்கு இருந்தது என்று தெரிந்துவிடும். பதினேழு வருஷமாக அந்த வேலையைப் பாட்டிலுக்குள் செய்தது அந்த உயிர்கள்தான். மூன்று மாதமாக அவை குளோரினில் குளித்துவிட்டுப் பாட்டிலுக்கு வருகின்றன. அதாவது, செத்து வருகின்றன. சாப்பிட வந்தவர்களையெல்லாம் வாசலிலேயே அடித்துப் போட்டுவிட்டு, பந்தியில் ஒன்றும் செலவாகவில்லை, ஆகவே இன்றைக்குச் சமையலே இல்லை என்று அவள் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அலமாரியின் அடித்தட்டிலிருந்து சோதனைக் கையேட்டை எடுத்தாள். இருந்தது. தண்ணீரில் குளோரின் இருந்தால் முதலில் அதை முறிக்க வேண்டும், பிறகு உயிருள்ள கிருமிகளைப் புதிதாகச் சேர்க்க வேண்டும். இரண்டே வரி. வேலையில் சேர்ந்த புதிதில் படித்து, இங்கேதான் குளோரினே இல்லையே என்று தாண்டிப்போன வரி. தொட்டி கட்டியவர்கள் தொட்டியைக் கட்டினார்கள். சாம்பிள் எடுக்க மேடம் போட்ட பட்டியலில் 'வழக்கமான குழாயில், வழக்கமான முறையில்' என்று இருந்தது. அவளும் வழக்கமான குழாயைத் திறந்து, வழக்கமான முறையில் பிடித்தாள்.

அழுக்கு என்று ஒதுக்கச் சொன்ன அந்த ஒரு பாட்டில்தான் உண்மை பேசியிருக்கிறது. பளபளவென்று கழுவி வைத்த மற்ற பத்தும் பொய்.

ஆனாலும் யூகத்தை வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டுகிறவள் அல்ல அவள். புதன்கிழமை பன்னிரண்டாவது சாம்பிள். மேடம் எப்போதும் போலப் பக்கத்தில் நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, பாட்டிலின் அரக்குச் சீலைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார். லேப் அக்கா அதே தண்ணீரில் கூடுதலாக இன்னொரு பாட்டிலையும் நிரப்பினாள். அதில் குளோரினை முறிக்க மருந்து விட்டு, உயிருள்ள கிருமிகளையும் சேர்த்தாள்.

"இது எதுக்கு?" என்றார் மேடம்.

"எனக்கு ஒரு சந்தேகம் மேடம். திங்கட்கிழமை சொல்றேன். இப்ப சொன்னா அரைகுறையாத்தான் சொல்ல முடியும்."

மேடம் இரண்டாவது பாட்டிலுக்கும் சீல் வைத்து, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தொலைத்தது. அவளுடைய தங்கை ஆற்றோரத்தில், நிலையத்துக்குக் கீழே இருக்கும் தெருவில் குடியிருந்தாள். தன் சின்ன மகளுக்குத் துணி அளவு பார்க்க வா என்று கூப்பிட்டிருந்தாள். போன இடத்தில் குழந்தையின் கணுக்காலெல்லாம் சிவந்து தடித்திருந்தது. ஆற்றில் விளையாடாதே என்றால் கேட்டால்தானே.

"டாக்டர் தண்ணியாலன்னு சொல்றாரு. நான்தான் இல்லன்னேன்" என்றாள் தங்கை, வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே. "எங்க அக்கா அங்கதான் இருக்கா, அவளே அளந்து பாத்திருக்கா, பதினாறுதான் வருதுன்னு அடிச்சுச் சொன்னேன். தெரு பூரா என்னைத் திட்டுது தெரியுமா? நாப்பது பேர்கிட்ட கையெழுத்து வாங்கி வச்சிருந்த மனுவை நீ சொன்னேன்னுதானே வாபஸ் வாங்கினேன்."

உண்மைதான். ஏழு வாரத்துக்கு முன்னால், ஒரு கல்யாண வீட்டில், சொந்தக்காரர்கள் முன்னால் வைத்து, 'ஆத்துல நாத்தம்னு சொல்றியே, நாத்தம் உன் மூக்குலடி' என்று எண்ணைக் காட்டித் தங்கையின் வாயை அடைத்தவள் இவள்தான். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள்.

இப்போது சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. நாளை காலை வரை பொறு, எண் கையில் வரட்டும் என்று அடக்கிக்கொண்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. குழந்தையின் காலைப் பார்க்கப் பார்க்க அழுகையும் வந்தது. அளவு நாடாவை இரண்டு தடவை தப்பாகப் பிடித்துத் திட்டு வாங்கினாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பாட்டில்களைத் திறந்தாள். வழக்கமான பாட்டில், பதினைந்து. குளோரினை முறித்த பாட்டில், தொண்ணூற்றொன்று. ஒரே குழாய், ஒரே நிமிஷம், ஒரே தண்ணீர். மறுபடி அளந்தாள். அதே எண்கள்.

பொறியாளர் பத்து மணிக்குப் படிவத்தோடு வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார், பாவம். அவள் இரண்டு பாட்டிலின் எண்ணும் எழுதிய சீட்டுகளை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிதானமாக விளக்கினாள். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப நாம எதையுமே சரி பண்ணலையா?" என்றார் கடைசியில்.

"கிருமியைக் கொன்னிருக்கோம் சார். அழுக்கு அப்படியே போயிட்டிருக்கு. பெரிய தொட்டியில அழுக்கைத் தின்னுற கிருமிக்குக் காத்து ஊதற புளோயர் ஆறுல மூணு ஓடல. நாம குளோரினைப் பாத்துட்டு அதை மறந்துட்டோம்."

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இன்னைக்கு அந்தம்மா கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பட்டும். நாளைக்கே புளோயர் வேலையை ஆரம்பிச்சிடறேன். உங்க மேல சத்தியமா."

"ஓடாத மூணு புளோயரும் எத்தனை வருஷமா ஓடல சார்?"

"அஞ்சு."

"ஓடற மூணும் எப்ப ரிப்பேர் ஆச்சு?"

மேடம் வந்த பிறகுதான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மேடம் மேலிடத்துக்கு எழுதிய ஒன்பதாவது கடிதத்தில்தான் அந்த மூன்றுக்கே உயிர் வந்தது.

"அவங்க போயிட்டா யாரு சார் நமக்காகச் சண்டை போடுவா? நாம எழுதற கடுதாசியை எவன் படிப்பான்? தலைமேல உக்காந்திருக்காங்கன்னு நினைச்சோம். அவங்க இருக்கறதாலதான் இந்தப் பக்கம் ஒருத்தராவது திரும்பிப் பாக்கறாங்க." அவள் படிவத்தை எடுத்து அவர் சட்டைப் பையிலேயே மடித்து வைத்தாள். "தப்பு என்னுது. நானே சொல்றேன். நீங்க பக்கத்துல நின்னா போதும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்தார்.

மாடி அறையில் விடுவிப்புக் கடிதம் கோப்பின் மேல் தயாராக இருந்தது. மேடம் பேனா மூடியைக் கழற்றியிருந்தார். லேப் அக்கா உட்காராமலே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை, சப்பைக்கட்டு கட்டவில்லை. குளோரின் வந்தது, முறிக்காமல் விட்டேன், பத்து எண்ணும் தப்பு, எண்பத்தேழுதான் சரி, இன்றைக்குத் தொண்ணூற்றொன்று, இதோ உங்கள் சீல் வைத்த பாட்டில். சொல்லி முடிக்க நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை.

மேடம் இரண்டு சீட்டுகளையும் கையில் எடுத்துப் பார்த்தார்.

"பத்து வாரமும் நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றார்.

"ஆமா மேடம். நீங்க சீலைப் பாத்தீங்க, நான் பாட்டிலைப் பாத்தேன். தண்ணியை ரெண்டு பேருமே பாக்கல."

மேடத்திடம் இப்படிப் பேசியவர்கள் யாரும் அதுவரை இல்லை.

"பத்து அறிக்கையிலயும் என் கையெழுத்து இருக்கு. மேல அனுப்பி, பாராட்டிக் கடிதம்கூட வந்துடுச்சு." மேடம் சீட்டுகளைக் கீழே வைத்தார். "இதை நீங்க சொல்லாம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்கும்தான்."

"தெரிஞ்சிருக்கும் மேடம். அடுத்த கோடையில மறுபடி மீன் மிதந்திருக்கும்."

மேடம் விடுவிப்புக் கடிதத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பிறகு வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தார்.

"காரணம்னு ஒரு பத்தி எழுதணும். சொல்லுங்க, எழுதறேன்."

"சோதனை முறையில் என் பிழைன்னு எழுதுங்க."

"எங்கள் பிழைன்னு எழுதறேன்" என்றார் மேடம், தலையைத் தூக்காமல். "கூடவே மீதி மூணு புளோயர் பத்தியும் எழுதறேன். இந்தத் தடவை தொண்ணூத்தொண்ணுன்னு முதல் வரியிலயே போட்டா, ஒம்பது கடிதம் தேவைப்படாது." பொறியாளர் பக்கம் திரும்பினார். "புதன்கிழமையில இருந்து மறுபடி முதல் வாரம். ரெடியா இருங்க."

"ரெடிதான் மேடம்" என்றார் பொறியாளர். ஒன்றரை வருஷத்தில் அவர் குரல் அவ்வளவு தெளிவாக வந்து யாரும் கேட்டதில்லை.

லேப் அக்கா மாடிப்படியில் நின்று தங்கைக்கு போன் போட்டாள். மேடத்திடம் நான்கு நிமிஷத்தில் சொன்னதைத் தங்கையிடம் சொல்லப் பத்து நிமிஷம் ஆயிற்று.

தங்கை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டாள். குழந்தையின் காலைச் சொல்லிக் கேட்டாள். தெருவில் தலைகுனிந்து நடந்ததைச் சொல்லிக் கேட்டாள். கல்யாண வீட்டுச் சிரிப்பைச் சொல்லும்போது அழுதுவிட்டாள். பிறந்ததிலிருந்து தங்கையிடம் ஒரு பேச்சில்கூடத் தோற்காத லேப் அக்கா, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தைக்கும் மறுவார்த்தை பேசாமல் முழுசாகக் கேட்டாள்.

"பேசி முடிச்சுட்டியா?" என்றாள் கடைசியில்.

"இல்ல. நேர்ல வா, இன்னும் இருக்கு."

"வரேன். அந்த மனுவை மறுபடி எழுது. எண் தொண்ணூத்தொண்ணுன்னு போடு. அளந்தவங்க பேர் என் பேர்."

"எழுதறேன். ஆனா முன்ன கையெழுத்துப் போட்ட நாப்பது பேரும் இப்ப போடுவாங்களான்னு தெரியல. என்னை நம்ப மாட்டாங்க."

"நான் கூட வரேன். ஒவ்வொரு வாசலா ஏறி நானே சொல்றேன். முதல் கையெழுத்துக்கு இடம் விட்டு வை."

"யாருக்கு?"

"எனக்குத்தாண்டி" என்றாள் லேப் அக்கா. "சாயங்காலம் வேலை முடிஞ்சதும் வந்து போடறேன்."